கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் படம் தியேட்டருக்குப் போகும் வழி

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். நண்பர்கள் சேர்ந்து கிள்ளானில் ஒரு தமிழ்ப் படம் எடுத்து முடித்துவிட்டீர்கள், 2 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) போயிருக்கிறது. அதைத் தியேட்டரில் போட யாரைப் பார்க்க வேண்டும், போட்ட காசு எப்படித் திரும்பும், ரஜினி படத்துக்கு விடியற்காலையிலேயே கதவைத் திறக்கிறவர்கள் நம்மூர்ப் படத்துக்கு மட்டும் பகல் 11 மணி ஷோவை ஏன் நீட்டுகிறார்கள்? கடைசிக் கேள்வியில் கோபம் தெரிகிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நான் கோலாலம்பூரில் ஒரு விநியோக அலுவலகத்தில் பல வருஷம் புக்கிங், அதாவது தியேட்டர்களில் படங்களுக்கு ஷோ பிடிக்கிற வேலை, பார்த்தவன். விநியோகஸ்தர் என்றால் படத்தை வாங்கி விற்கிறவர் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாங்குவது படம்தான், ஆனால் நாள் முழுக்க அவர் மல்லுக்கட்டுவது ஷோ நேரத்துக்காக. இங்கே புதுப்படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வரும். அந்த வியாழன் தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை, சாயங்காலம் 6 மணிக்கு மேல் உள்ள ஷோக்கள், அதுவும் தமிழர்கள் வந்து போகிற இடங்களில் உள்ள ஹால்கள், இவ்வளவுதான் சரக்கு. வேலை நாள் பகல் ஷோவை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், அதில் உட்கார ஆள் இல்லை. சனிக்கிழமை 9 மணி ஷோவுக்கு ஹாலிவுட் படம், மலாய்ப் படம், சீனப் படம், சென்னையிலிருந்து வரும் இரண்டு தமிழ்ப் படம், எல்லாமே ஒரே கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் வாரம் முடியும்போது அடுத்த வாரக் கணக்கு தயாராகிவிடும். ஞாயிறு இரவு வரைக்குமான எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தியேட்டர் நிறுவனத்தின் ப்ரோகிராமிங் ஆள் திங்கள், செவ்வாயில் முடிவெடுப்பார். அவர் முன்னால் இருப்பது ஒரு எக்ஸல் தாள்தான். எந்தக் கிளை, எந்த ஹால், எத்தனை சீட், எந்த ஷோ, எத்தனை தலை. வியாழன் 11.30 ஷோவுக்கு 4 பேர், அதே ஹாலில் இரவு 9.15க்கு 90 பேர் என்று இருந்தால் அனுபவம் உள்ளவர் பகல் ஷோவை மட்டும் வெட்டுவார். அவசரக்காரர் சராசரி போட்டுப் பார்த்துவிட்டுப் படத்தையே தூக்கிவிடுவார். புக்கிங் பார்க்கிறவனின் பாதி வேலை அந்தத் திங்கட்கிழமை போன் போட்டு, "சராசரியைப் பார்க்காதீங்க, ராத்திரி ஷோவைப் பாருங்க" என்று மன்றாடுவதுதான்.

இதில் தியேட்டர்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிக்கெட் காசில்தான் அவர் பங்கு கொடுக்க வேண்டும், பாப்கார்ன், கோலா காசு முழுக்க அவருக்கே. அதனால் ஹாலுக்குள் எத்தனை தலை வரும் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி, படம் நல்லதா கெட்டதா என்பது அப்புறம்.

சரி, சென்னைப் படங்கள் எப்படி இங்கே வருகின்றன? ஒரு பெரிய படத்தின் உரிமை ஆரம்பத்திலிருந்தே துண்டு துண்டாக விலை பேசப்படும். தமிழ்நாட்டுக்குள்ளேயே செங்கல்பட்டு, கோவை, மதுரை, சேலம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரியும். கேரளா, கர்நாடகா தனி. வெளிநாடு தனி, அதைக் கோடம்பாக்கத்தில் எஃப்.எம்.எஸ் என்பார்கள். சில சமயம் ஒரே ஆள் வெளிநாட்டு உரிமை முழுவதையும் வாங்கி, பிறகு மலேசியா ஒருவருக்கு, சிங்கப்பூர் இன்னொருவருக்கு, வளைகுடா, ஐரோப்பா, வட அமெரிக்கா வேறு ஆட்களுக்கு என்று பிரித்து விற்பார். சில சமயம் இங்குள்ள நிறுவனமே நேராகச் சென்னைக்குப் போய்த் தயாரிப்பாளரிடம் பேசிவிடும். லோட்டஸ் ஃபைவ் ஸ்டார், மாலிக் ஸ்ட்ரீம்ஸ், டிஎம்ஒய் போன்ற பெயர்களைப் போஸ்டரின் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். இதில் லோட்டஸுக்குச் சொந்தத் தியேட்டர்களும் உண்டு.

வியாபாரம் மூன்று நான்கு விதமாகப் பேசப்படும். அவுட்ரைட் என்றால் ஒரே விலை, பணத்தைக் கொடுத்தாச்சு, அதற்குப் பிறகு லாபமோ நஷ்டமோ வாங்கியவர் தலையில். எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி, ஒரு குறைந்தபட்சத் தொகை தயாரிப்பாளருக்கு உறுதி, படம் விழுந்தாலும் அது திரும்பாது, வசூல் ஒரு கோட்டைத் தாண்டினால் மேலே வருவதில் பங்கு. அட்வான்ஸ் என்பது பார்க்க எம்.ஜி. மாதிரி இருக்கும், ஆனால் வசூல் வராவிட்டால் தயாரிப்பாளர் மிச்சத்தைத் திருப்ப வேண்டும். நடிகரின் முந்தைய படம் ஓடியிருந்தால் யாரும் அட்வான்ஸ் பேச்சையே எடுக்க மாட்டார்கள், முந்தைய இரண்டும் படுத்திருந்தால் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். கடைசியாகக் கமிஷன். விநியோகஸ்தர் முதல் எதுவும் போடாமல், படத்தைத் தியேட்டரில் சேர்த்து, பணம் வசூலித்து, தன் சதவீதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். நம்மூர்ப் படங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். இது ஒன்றும் கேவலமில்லை, ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் 11 மணி ஷோவுக்கு வாருங்கள். ஒரு நட்சத்திரப் படத்துக்கு எம்.ஜி. கட்டியவர் அந்தப் பணத்தை முதல் நான்கைந்து நாளில் எடுத்தாக வேண்டும். முன்பு மூன்றாவது, நான்காவது வாரம் என்று இழுத்துப் பார்க்கலாம். இப்போது பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, பத்தாவது நாளிலேயே "நெட்ஃப்ளிக்ஸில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வந்துவிடும். அதனால் அவர் எத்தனை ஹால் கிடைத்தாலும் வேண்டும் என்பார். தியேட்டர்காரரும் கொடுப்பார், காரணம் அந்த விநியோகஸ்தரிடம் அடுத்த மாதம் இன்னொரு பெரிய படம் இருக்கிறது, தீபாவளிக்கு மற்றொன்று இருக்கிறது. இந்தத் தொடர் வரவுதான் பேரத்தில் பலம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம், அது முடிந்ததும் உங்களைத் தியேட்டர்காரர் இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பார்க்கப் போவதில்லை. யாரும் நமக்கு எதிராகச் சதி செய்யவில்லை, நம்மை நினைத்துப் பார்க்க அவர்களுக்கு வியாபாரக் காரணம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது கையில் தொடர்ச்சியாகப் படம் வைத்திருக்கிற விநியோகஸ்தரை. "இந்தச் சின்னப் படத்துக்கு இரண்டு ராத்திரி ஷோ கொடுங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று அவரால்தான் கேட்க முடியும். உங்களால் முடியாது.

அந்த விடியற்காலை ஷோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலை 4 மணிச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி இல்லாமல் போனது, முதல் ஷோ 9 மணிக்குத்தான் என்ற நிலை வந்தது. அப்போது இங்கே மணி காலை 11.30. அதற்கு முன்பே செந்தூல்காரன் படத்தைப் பார்த்துவிட்டு மாமாக் (இந்திய முஸ்லிம் உணவுக்) கடையில் உட்கார்ந்து விமர்சனம் எழுதிவிடுகிறான். இது விநியோகஸ்தருக்கு நல்ல வியாபாரம், சென்னைத் தயாரிப்பாளருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம், ஏனென்றால் முதல் ஷோவிலேயே யாராவது போனில் பிடித்து வெளியிட்டால் அங்கே படம் தொடங்குவதற்குள் கதை ஊர் முழுக்கப் போய்விடும். டிஜிட்டல் ப்ரொஜெக்டர் திரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டர்மார்க்கை இடுகிறது. திருட்டுப் பிரதி கையில் கிடைத்தால் எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் முதல் நாள் காலை ஹாலுக்குள் ஆள் நிறுத்தி யார் போனைத் தூக்குகிறார்கள் என்று பார்க்கச் சொன்னதும் இந்தப் பயத்தால்தான்.

அடுத்தது சென்சார். எந்தப் படமும், போஸ்டரும் டிரெய்லரும்கூட, உள்துறை அமைச்சின் கீழ் உள்ள எல்.பி.எஃப். என்கிற திரைப்படத் தணிக்கை வாரியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். 2002ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் அதைச் சொல்கிறது. சென்னையில் யு சான்றிதழ் வாங்கிய படம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இங்கே யு, பி12, 13, 16, 18 என்று வயது வகைகள். தமிழ்ப் படத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். நம் ஆட்கள் குடும்பத்தோடு வருகிறவர்கள், அம்மா, அத்தை, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று ஆறு டிக்கெட் ஒரே நேரத்தில் போகும். 18 என்று விழுந்துவிட்டால் அந்த ஆறு டிக்கெட்டும் போச்சு. குண்டர் கும்பல் கதை எடுக்கிற நம்மூர் இயக்குநர்கள் பலர் இதை எடிட்டிங் முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். வெட்டு சொன்னால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, ஆனால் மேல்முறையீட்டுக்கு நாள் வேண்டும், வியாழக்கிழமை யாருக்காகவும் நிற்காது.

தணிக்கையில் மதமும் காவல்துறையும் கவனமாகப் பார்க்கப்படும். 2016 ஜூலையில் ரஜினியின் 'கபாலி' வந்தபோது மலேசியாவில் மட்டும் படத்தின் முடிவில் கபாலி போலீஸில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது ஞாபகம் இருக்கலாம். இந்தியாவில் பார்த்தவனுக்குத் திறந்த முடிவு, இங்கே பார்த்தவனுக்குச் சட்டம் வென்ற முடிவு. 2018இல் இந்தி 'பத்மாவத்' இங்கே திரைக்கே வரவில்லை, தணிக்கை வாரியம் தடுத்துவிட்டது. முன்பணம் கட்டிப் படம் வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் "தணிக்கை மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வேண்டும்" என்று ஒரு வரி போடாவிட்டால், அப்படி ஒரு நாளில் தலையில் துண்டு போட வேண்டியதுதான்.

சப்டைட்டிலை அலட்சியமாக நினைக்காதீர்கள். மலாய் சப்டைட்டில் வேண்டும், அதைக் கடைசி வாரத்தில் யாரோ ஒரு மாணவரிடம் கொடுத்து அவசரமாகப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள், நகைச்சுவைக்கு அவர்கள் சிரித்தால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார்கள். ஏறக்குறைய 20 லட்சம் இந்தியர்கள் உள்ள நாட்டில், அதிலும் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை, வெளி ஆடியன்ஸ் இல்லாமல் கணக்கு நேராவது கஷ்டம்.

இனி பெட்டி. அந்தக் காலத்தில் 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, 2,000 அடி ரீலில் ஏழு டப்பா. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கொலிசியத்தில் தமிழ்ப் படம் போட்ட நாட்களில் "பெட்டி வந்தாச்சா" என்பதுதான் முதல் கேள்வி. ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டருக்கு ரீல் ரீலாக மோட்டார் சைக்கிளில் மாற்றி மாற்றி ஓட்டிய கதைகளைப் பழைய ஆபரேட்டர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது ஒரு ஹார்ட் டிஸ்க், அதற்குள் டிசிபி என்கிற கோப்புத் தொகுப்பு. அதைத் தியேட்டர் சர்வரில் ஏற்றிவிடலாம், ஆனால் பூட்டியிருக்கும். திறக்கிற சாவிதான் கேடிஎம். அது மின்னஞ்சலில் வரும் ஒரு சின்னக் கோப்பு, ஆனால் குறிப்பிட்ட ஒரு ஹாலின் குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும்.

இந்தக் கேடிஎம் விஷயத்தில்தான் எத்தனை இரவு தூக்கம் கெட்டது. சென்னையில் தயாரிப்பாளருக்கும் பைனான்சியருக்கும் கணக்கு முடியாவிட்டால் சாவி வெளியே வராது. வெளியீட்டுக்கு முந்தின நடு இரவு வரை பேச்சுவார்த்தை நடக்கும், இங்கே டிக்கெட் விற்று முடிந்திருக்கும், போனில் "இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது பெரிய இடத்துச் சண்டை, நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் உள்ள சின்ன விஷயங்களிலும் மாட்டிக்கொள்வார்கள். சாவியின் தொடக்க நேரத்தை இந்திய நேரத்தில் காலை 6 மணி என்று போட்டுவிட்டால் இங்கே 8.30 வரை படம் திறக்காது, நீங்களோ 7 மணிக்கு ரசிகர் ஷோ விற்றிருப்பீர்கள். அல்லது சனிக்கிழமை கூட்டம் அதிகமென்று கிளை மேலாளர் உங்கள் படத்தைச் சின்ன ஹாலிலிருந்து பெரிய ஹாலுக்கு மாற்றுவார், நல்ல எண்ணத்தில்தான். பெரிய ஹால் சர்வருக்குச் சாவி கிடையாது. 9 மணி ஷோ, 80 பேர் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறார்கள், திரை கறுப்பாக இருக்கிறது, சாவி அனுப்புகிற லேப்பில் போன் எடுக்க ஆள் இல்லை. கடைசியில் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார்கள், திங்கட்கிழமை எக்ஸல் தாளில் அந்த ஷோ "0" என்று நிற்கும். எனவே கேடிஎம் கேட்கும்போதே கிளையில் உள்ள எல்லா ஹாலுக்கும் சேர்த்துக் கேளுங்கள், தொடக்கத்தை ஒரு நாள் முன்னதாகவும் முடிவை இரண்டு வாரம் தள்ளியும் வையுங்கள், வெளியீட்டுக்கு முந்தின நாள் ஒவ்வொரு கிளையிலும் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

பணம். கணக்குக்காக டிக்கெட் சராசரி 16 வெள்ளி என்று வைப்போம். கேளிக்கை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நீண்ட காலமாகப் பேசப்பட்ட விகிதம் 25 சதவீதம். அடிப்படை விலை 12.80, அதன் மேல் வரி 3.20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 12.80இல் தியேட்டருக்கும் விநியோகத் தரப்புக்கும் சுமார் பாதிக்குப் பாதி, பெரிய படத்துக்கு இந்தப் பேரம் மாறும். ஆக 6.40. விநியோகஸ்தர் கமிஷன் 20 சதவீதம் என்றால் 1.28 போய் 5.12. இதுதான் ஒரு தலைக்கு உங்கள் பக்கம் வருகிற தொகை. இதிலிருந்துதான் விளம்பரச் செலவு கழியும்.

இப்போது உங்கள் 2 லட்சத்தோடு விளம்பரம், டிசிபி, சப்டைட்டில், தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 60 ஆயிரம் என்று வையுங்கள். 2,60,000ஐ 5.12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 51 ஆயிரம் டிக்கெட். 20 ஹால், நாளுக்கு மூன்று ஷோ, நான்கு நாள் என்றால் 240 ஷோ. ஷோவுக்கு 60 பேர் வந்தால், அது நம்மூர்ப் படத்துக்கு நல்ல கூட்டம், 14,400 டிக்கெட், உங்கள் பக்கம் ஏறக்குறைய 74 ஆயிரம் வெள்ளி. அந்த 60 ஆயிரம் போக 14 ஆயிரம் மிஞ்சும். முதல் வாரம் தியேட்டர் நிரம்பி வழிந்த மாதிரி தெரிந்தும் தயாரிப்பாளர் ஏன் முகம் வாடி நிற்கிறார் என்பது இதில் புரியும். இணையத்தில் "இத்தனை மில்லியன் வசூல்" என்று ஓடுகிற எண்கள் எல்லாம் டிக்கெட்டின் மொத்தக் காசு, தயாரிப்பாளர் பையில் விழுவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கை நம்மூர்ப் படத்துக்குச் சாதகமாகத் திருப்பக்கூடியது பினாஸ். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், தயாரிக்கவும் விநியோகிக்கவும் திரையிடவும் உரிமம் கொடுப்பது அவர்கள்தான். முதலில் உங்கள் நிறுவனத்துக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு எடுத்துவிட்டுக் கடைசியில் உரிமமில்லாமல் வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வாஜிப் தாயாங் திட்டத்தில் உள்நாட்டுப் படத்துக்கு 14 நாள் கட்டாயத் திரையிடல் என்பது அடிப்படை. வெளியீட்டுத் தேதியும் அந்த வரிசையில்தான் கிடைக்கும், அதனால் படம் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், நண்பர் சொன்னார் என்று நம்பாமல் நேராகப் போய் இன்றைய நிலையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டுப் படத்துக்கான ஊக்கத்தொகைகளையும் அங்கேயே விசாரியுங்கள். தமிழில் எடுத்த படம் உள்நாட்டுப் படமா என்பதே ஒரு காலத்தில் வாக்குவாதம். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழி அல்லாத படங்களைத் தனி வகையில் ஒதுக்கியதற்கு எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாக விருது வாங்கியது. தமிழ்ப் படம் என்பதற்காக இன்று உங்கள் விண்ணப்பத்தை யாரும் புருவம் உயர்த்திப் பார்க்கப் போவதில்லை.

ஆனால் கட்டாயத் திரையிடல் ஹாலைத்தான் கொடுக்கும், ஆளைக் கொடுக்காது. 50 ஹால் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த சின்னப் படங்கள் பல செத்ததே அதிக ஹாலால்தான். 50 ஹாலில் ஷோவுக்கு 12 பேர் என்று தாளில் நிற்பதைவிட 15 ஹாலில் ஷோவுக்கு 45 பேர் என்று நிற்பது ஆயிரம் மடங்கு மேல், அடுத்த வாரப் பேச்சுக்கு அந்த எண்தான் துணை. கிள்ளான், செந்தூல் பக்கம், பிரிக்ஃபீல்ட்ஸ், ரவாங், சிரம்பான், ஈப்போ, பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி, ஜோகூர் பாரு என்று நம் ஜனம் இருக்கிற இடத்தை மட்டும் எடுங்கள். பெரிய மால் ஒன்றில் உங்கள் படத்தின் ஸ்டாண்டியோடு (நிற்கிற விளம்பர அட்டை) ஃபோட்டோ எடுத்துக்கொள்வதற்காக அங்கே ஒரு ஹாலை வீணாக்க வேண்டாம்.

தேதி பார்ப்பது தனிக் கலை. தீபாவளி, பொங்கல் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள், சென்னை யானைகள் மோதுகிற இடம். ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு மலாய்ப் படங்கள் ஹாலைப் பிடித்துக்கொள்ளும். நோன்பு மாதம் பலர் ஒதுக்குகிற காலம், எனக்கு அது பிடிக்கும். பெரிய மலாய்ப் படங்கள் அப்போது வராது, தியேட்டர்காரருக்கு ராத்திரி ஷோவில் ஆள் குறையும், தமிழ்க் கூட்டம் கொண்டுவருகிறேன் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். எந்தத் தேதி எடுத்தாலும் ஒரு ஆபத்து கூடவே வரும். சென்னையில் ஒரு பெரிய படம் தேதி மாறி உங்கள் வியாழனில் வந்து உட்காரலாம். அப்படி வந்தால் கௌரவம் பார்க்காமல் தள்ளுங்கள், போஸ்டரில் தேதி மாற்றுகிற செலவு சின்னச் செலவு.

முதல் நான்கு நாளுக்கு ஆள் சேர்க்கக் குரூப் புக்கிங் மாதிரி வேறெதுவும் இல்லை. கோயில் இளைஞர் பிரிவு, பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கம், தொழிற்சாலை நண்பர்கள், பழைய மாணவர் சங்கம், இவர்களிடம் ஒரு முழு ஷோவை விற்றுவிடுங்கள். ராகா, மின்னல் வானொலிகளில் நேர்காணல் கிடைத்தால் நல்லது, ஆனால் டிக்கெட்டை விற்றுத் தருவது நீங்கள் நேரில் போய் நிற்கிற சங்கக் கூட்டம்தான். அந்தக் குரூப் ஷோக்களை வியாழன், வெள்ளி இரவில் போடுங்கள், சனி, ஞாயிறில் அல்ல. சனி இரவு தானாகவே ஆள் வரும், வெள்ளி எண்ணிக்கை பலமாக இருந்தால்தான் திங்கட்கிழமை உங்களுக்காகப் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.

இப்போது ஒப்பந்தம், முன்னால் தள்ளி வைத்த விஷயம். கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் பேரம் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அது இரண்டாம் பட்சம். காசு ஒழுகுகிற இடம் விளம்பரச் செலவு. ஒரு தயாரிப்பாளர் எனக்கு ஒரு கணக்குத் தாளைக் காட்டினார், எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல மாட்டேன். வசூல் பங்கு ஒரு பக்கம், செலவு மறு பக்கம். போஸ்டர் ஒட்டும் கூலி, ஸ்டாண்டி, வண்டி, சாப்பாடு, "இதர செலவு", "ஒருங்கிணைப்பு", மறுபடியும் ஒரு "இதர செலவு". கூட்டினால் வசூல் பங்குக்குச் சில நூறு வெள்ளி மேலேயே நின்றது, அதாவது தயாரிப்பாளர்தான் மேற்கொண்டு கட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பார்க்க நியாயமாகத்தான் இருந்தது, ரசீதும் பாதிக்கு இருந்தது. அதனால் உச்சவரம்பு போடுங்கள். இந்தத் தொகைக்கு மேல் செலவு செய்ய என் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், ரசீதில்லாத செலவு கழியாது என்று இரண்டு வரி. கமிஷன் எதன் மேல் கணக்கிடப்படுகிறது, செலவைக் கழிப்பதற்கு முன்பா பின்பா என்பதும் எழுதியிருக்க வேண்டும். தினசரி வசூல் அறிக்கை, டிசிஆர் என்பார்கள், உங்கள் மின்னஞ்சலுக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள். பத்து நாள் கழித்துச் சுருக்கக் கணக்கு மட்டும் வந்தால் எந்த ஷோ எங்கே போனது என்று தேடவே முடியாது. தியேட்டர்களிடமிருந்து பணம் வரச் சில மாதம் ஆகும், அது சாதாரணம், அதற்காகச் சண்டை போட வேண்டாம், ஆனால் எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்க வேண்டும்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் "எல்லா ஊடகமும், உலகம் முழுதும், நிரந்தரமாக" என்கிற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். மலேசியத் திரையரங்கு உரிமை மட்டும், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். சிங்கப்பூரைத் தனியாக வையுங்கள், அங்கே தணிக்கை வேறு, ஆட்கள் வேறு. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, ஓடிடி, விமானத்தில் போடுகிற உரிமை இதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும், ஏனென்றால் மேலே போட்ட கணக்குப்படி தியேட்டரில் திரும்பாத அந்தப் பெரும்பகுதிப் பணம் திரும்ப ஏதாவது வழி இருக்கிறதென்றால் அது அங்கேதான். ஆஸ்ட்ரோவிடம் பேசப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி, தியேட்டரில் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்பதுதான். அதற்காகவாவது அந்த 15 ஹாலின் டிசிஆர் தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.